குண்டாற்றுக்கு மேலே ஓர் அருவி, கரையில் ஒரு பை

மலைப் படங்களைப் பார்க்க வந்தவர்கள் மன்னிக்கவும். இந்தப் பயணத்தில் நான் எடுத்தது மொத்தம் நான்கு படங்கள். அதில் இரண்டு என் விரல்.

போனது இந்த ஜூலையில், ஒரு செவ்வாய்க்கிழமை. போனதற்குக் காரணம் என் அக்கா செல்வி. இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்பு சுந்தரபாண்டியபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். சூரியகாந்திப் பூ பூக்கும் நாட்களில் நீங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பும் அதே ஊர்தான். அங்கிருந்து குற்றாலம் அரை மணி நேரம். அதனால் சீசன் தொடங்கினால் போதும், சென்னை, மதுரை, கோவை என்று எங்கள் சொந்தம் மொத்தமும் அவள் வீட்டில்தான் வந்து இறங்கும். அவளும் புளியோதரை கட்டிக்கொண்டு எல்லோரையும் அருவிக்குக் கூட்டிப்போவாள்.

கடந்த பொங்கலுக்கு ஏதோ பேச்சில், அருவியில் தான் குளித்ததே இல்லை என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். நாங்கள் குளிக்கும்போதெல்லாம் அவள் எங்கள் பைகளோடு கரையில் உட்கார்ந்திருப்பாள். மடியில் நான்கு செல்போன், கையில் யாருடைய கைக்கடிகாரமோ, தோளில் ஆறு துண்டு. அந்தக் கூட்டத்தில் சாமானை வைத்துவிட்டு யாராலும் நகர முடியாதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தது அவள் ஒருத்திதான். அவளுக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது.

அதனால் கூட்டமே இல்லாத அருவியாகத் தேடினேன். செங்கோட்டையைத் தாண்டி, குண்டாறு அணைக்கு மேலே, தனியார் எஸ்டேட்டுக்குள் ஜீப்பில் மட்டுமே போகக்கூடிய ஓர் அருவி இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். கூட்டம் இல்லை என்றால் திருட்டு பயம் இல்லை, பைக்குக் காவலும் வேண்டாம். என் கணக்கு அவ்வளவுதான். கணக்கு போடும்போது எல்லாம் சரியாகத்தான் வருகிறது.

சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஏறி, காலை ஏழே முக்காலுக்குத் தென்காசியில் இறங்கினேன். எட்டரைக்கு அக்கா வீட்டில் இருந்தேன். ஒன்பது மணிக்குக் கிளம்பலாம், ஆளுக்கொரு துண்டு, ஒரு மாற்றுத்துணி போதும் என்று முந்தின நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். கிளம்பியது பத்தே கால். ஒரு தூக்கு நிறையப் புளியோதரை, உருளைக்கிழங்கு பொரியல், தயிர், தேங்காய் எண்ணெய், சீயக்காய், அத்தானின் பிரஷர் மாத்திரை, இரண்டு குடை, ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்காத ஒரு போர்வை. எல்லாம் ஒரே பையில். அதைத் தூக்கி டிக்கியில் வைப்பதற்குள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

அத்தான் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். கார் அவருடையது, ஓட்டியதும் அவர்தான். அணை வரை சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிடத்தில் போய்விடலாம். ஆனால் பணியில் இருந்த காலத்தில் அவருக்குப் பழக்கமானவர்கள் அந்த இருபத்தைந்து கிலோமீட்டரிலும் பரவி நிற்கிறார்கள். தென்காசியில் ஒரு டீ. இலஞ்சி விலக்கில் ஒருவரிடம் மகள் கல்யாண விசாரிப்பு. செங்கோட்டையில் இன்னொரு டீ. நான் கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அருவி என்ன ஓடியா போயிரும் மாப்ளே என்றார். தண்ணீர் ஓடித்தானே போகும் அத்தான் என்று சொல்ல வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அணையடியில் ஜீப் நிறுத்தம். ஒரு ஜீப்புக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், ஏழு பேர் வரை போகலாம். எஸ்டேட் நுழைவுக்கு ஆளுக்கு ஐம்பது தனி. டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். முழு வாடகையும் நாங்களே தருகிறோம் என்று சொன்ன பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. மேலே காவலுக்கு இருப்பவரிடம் தண்ணீர் எப்படி விழுகிறது என்று கேட்காமல் ஏறமாட்டாராம். மேலே சிக்னல் கிடைக்காது, அவர்தான் மேட்டுக்கு வந்து கூப்பிடவேண்டும். முப்பத்தைந்து நிமிடம் அந்த அழைப்புக்காகக் காத்திருந்தோம். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ஒரு தாமதத்தை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். காட்டாறு திடீரென்று பெருகும் இடம் அது. கேட்காமல் ஏற்றுகிற டிரைவர் கிடைத்தால் நீங்கள் இறங்கிவிடுங்கள்.

பன்னிரண்டு மணிக்கு வண்டி ஏறியது. தூரம் நாலரை கிலோமீட்டர், நேரம் ஐம்பது நிமிடம். பாதை என்று சொல்வதெல்லாம் மரியாதைக்குத்தான். ஜீப்பின் கம்பியில் இரண்டு முறை தலையை இடித்துக்கொண்டேன். மூன்று இடங்களில் வண்டி ஓடைத் தண்ணீருக்குள்ளேயே இறங்கிக் கடந்தது. அக்கா அந்தப் பையைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தாள். கீழே வை என்றால் தயிர் சிந்திரும் என்றாள்.

சோர்ந்துபோய் இறங்கினால், அருவி நிஜமாகவே நன்றாக இருந்தது. முப்பதடி உயரம் இருக்கும். இரண்டு பாறைகளுக்கு நடுவே அகலமாக, நிதானமாக விழுந்துகொண்டிருந்தது. குளிக்க எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது என்று திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் டிரைவர் வாயைத் திறந்தார்.

“அண்ணாச்சி, முக்கா மணி நேரந்தான், எனக்கு அடுத்த டிரிப் இருக்கு. ஒருத்தர் பையப் பாத்துக்கிடணும். இங்கன குரங்கு சும்மா விடாது.”

அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் அவர் பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார். அத்தான் சட்டையைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்துவிட்டு ஏற்கெனவே தண்ணீருக்குள் நின்றார். அக்கா ஒரு பாறையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். பையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

“நீ போயி குளிலே. நான் பாத்துக்கிடுதேன்.”

இந்த இடத்தில் நான் கோபப்பட்டேன் என்று எழுதத்தான் ஆசை. இல்லை. போனேன். அவளுக்காகவே சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்தவன், அவள் அந்த வார்த்தையைச் சொன்னதும் செல்போனை அவளிடம் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று தண்ணீருக்குள் போய்விட்டேன். இருபத்தெட்டு வருடப் பழக்கம். யோசிக்கவே இல்லை. முதுகில் தண்ணீர் விழுந்ததும் ரயில், டீ, ஜீப் எல்லாம் மறந்தும் போனது.

இருபது நிமிடம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அவளைப் பார்த்தேன். இரண்டு குரங்குகள் எதிரே உட்கார்ந்திருக்க, கையில் குடையோடு அவற்றை முறைத்துக்கொண்டிருந்தாள். தோளில் அத்தானின் சட்டை, மடியில் என் போன். குற்றாலத்தில் எப்படி இருப்பாளோ அப்படியே இருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேகமாக வெளியே வந்து பையைப் பிடுங்கினேன். அவள் விடவில்லை. நேரமாகிவிட்டது, சேலை ஈரமாகும், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள். குரங்குகளுக்கு முன்னால் அக்காவும் தம்பியும் ஒரு பைக்காக இழுத்துக்கொண்டு நின்றோம். கடைசியில் தயிர் சிந்தியது. அவளும் எழுந்தாள். பையோடு நான் உட்கார்ந்தேன்.

அருவிக்குள் எப்படி நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தலையை நேராகக் கொடுக்காதே, முதுகைக் காட்டு, பாறையைப் பிடித்துக்கொள் என்று ஊருக்கெல்லாம் கரையிலிருந்து கத்துகிறவள், தானே முகத்தை நேராகக் கொடுத்துவிட்டுத் தடுமாறினாள். அத்தான் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு நிமிடத்தில் அவரது கையை உதறிவிட்டாள்.

பத்து நிமிடத்தில் டிரைவர் ஹாரன் அடித்தார். அத்தான் வெளியே வந்தார். அவள் வரவில்லை. மறுபடி ஹாரன். நான் கூப்பிட்டேன், அத்தான் ஸ்டேஷன் குரலில் கூப்பிட்டார். யார் கூப்பிட்டாலும் உடனே எழுந்து வருகிற என் அக்கா அன்றைக்குத் திரும்பியே பார்க்கவில்லை. இன்னும் அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். துண்டை நீட்டினேன். வாங்கவில்லை. நடுங்கிக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அவளுக்குக் கோபம்.

“இத்தன வருசமா நீங்க எல்லாரும் இதையா குளிச்சுக்கிட்டு வந்திய? ஒருத்தருக்குக்கூட, நீ போ, நான் உக்காருதேன்னு சொல்லத் தோணலையாலே?”

அணைக்கு இறங்கும்போது பையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். கீழே மரநிழலில் தூக்கைத் திறந்தபோதும் அவள் பரிமாறவில்லை. நாங்களே போட்டுச் சாப்பிட்டோம்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை வார நாளில் போங்கள். காலை ஒன்பதுக்கு முன்பே அணைக்கு வந்துவிடுங்கள். சாரலில் பாறை வழுக்கும், பிடிமானமுள்ள செருப்பு தேவை. முதுகுவலிக்காரர்கள் அந்த ஜீப்பில் ஏறவேண்டாம். டிரைவரிடம் ஒன்றரை மணி நேரம் என்று கீழேயே பேசிக்கொள்ளுங்கள். குரங்குகள் நிஜம், ஆகவே பைக்கு ஆள் வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். முதலில் யார் உட்காருவது என்பதை ஜீப் ஏறும் முன்பே முடிவு செய்யுங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் யார் உட்காருவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தான் போன் செய்தார். குரலில் நல்ல எரிச்சல். நான்கு நாளாக அக்கா விடிந்ததும் தென்காசி பஸ்ஸைப் பிடித்து மெயின் அருவிக்குப் போய்விடுகிறாளாம். இவருக்குக் காலைச் சாப்பாடு ஒன்பதரைக்குத்தான் கிடைக்கிறதாம். எல்லாம் நான் கிளப்பிவிட்டதாம். அவ்வளவு கூட்டத்தில் அவள் பையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன்.

“பை எங்க கொண்டு போறா? பஸ்ஸுக்குச் சில்லறய முந்தானையில முடிஞ்சுக்கிட்டு போறா. உடுத்துன சேலையோட நின்னுட்டு, அந்த ஈரத்தோடயே பஸ் ஏறி வந்துருதா.”