மடுல்சீமையின் பெட்டரிக்காரி

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் மேல் லயத்துக்கு மின்சாரக் கம்பி வராத காலம். பதுளையில் கடை வைத்திருந்த றஹீமின் ஆட்கள் 1999இல் வந்து, இருபத்திரண்டு ஒற்றையறைக் காம்பராக்களின் தகரக் கூரையிலும் சூரியத் தகடு பொருத்தினார்கள். வீட்டுக்கு ஒரு பெட்டரி, மூன்று விளக்கு. ஒரு வருடத்துக்குள் பாதி வீடுகளில் விளக்கு மங்கிப்போனது. பழுது பார்க்க யாரும் வரவில்லை.

கருப்பம்மா கொழுந்து பறிப்பவள். பொருத்திய அன்று பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். தன் வீட்டுப் பெட்டரியின் முனையில் பூத்திருந்த பச்சைக் களிம்பைச் சுடுதண்ணீரால் கழுவி, கிரீஸ் தடவி இறுக்கினாள். விளக்கு எரிந்தது. அப்புறம் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்கள்.

ஒருநாள் றஹீம் வாகனம் நிறையச் சாமான்களோடு வந்தார். எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது, மாற்ற ஒன்றுமில்லை. யார் செய்தது என்று விசாரித்து, தகட்டுக்கும் பெட்டரிக்கும் நடுவில் பூட்டும் கொன்ட்ரோல் பெட்டி, செத்துப்போன ஒன்றை அவள் கையில் கொடுத்தார். கருகிய இடத்தை அவள் சட்டென்று காட்டினாள்.

"கடைக்கு வந்துருங்க தங்கச்சி. இந்தக் கையைத்தான் நான் தேடிக்கிட்டிருக்கேன்."

போவது அத்தனை சுலபமில்லை. அவள் கணவன் சன்னாசி தேயிலைச் செடிகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டும்போது சரிவில் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடந்தான். தோட்டத்துப் பதிவில் அவள் பெயர் இருப்பதால்தான் அந்தக் காம்பரா அவர்களுடையது. இருந்தாலும், பக்கத்து வீட்டு ராசம்மா அவனைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்ல, லீவு போட்டுவிட்டுப் பதுளைக்குப் போனாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தாள். முதுகில் கூடை இல்லை, காலில் அட்டை இல்லை. மேசை மேல் கம்பிகளைப் பிரித்து இணைக்கும்போது பொழுது போவதே தெரியவில்லை.

பதினாறாம் நாள் ராசம்மா பஸ் ஏறி வந்து நின்றாள். திங்கட்கிழமை வேலைக்கு இறங்காவிட்டால் பெயரை வெட்டி, காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவதாகத் தோட்டத்துக் கிளாக்கர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். றஹீம் பதுளையிலேயே ஒரு அறை பார்த்துத் தருவதாகவும், சன்னாசியைக் கூட்டிவரும்படியும் சொன்னார். அந்த நம்பிக்கையில் அவள் மேலே ஓடினாள்.

சன்னாசி மாட்டேன் என்றான். "டவுன்ல எந்தச் சந்துக்குள்ள என்னப் போட்டு வைப்ப? இங்கன்னா நாலு பேரு வந்து மொகம் பாக்குறாங்க. நீ போ. நான் ஒன்னப் புடிச்சு வைக்கல."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் கட்டிப்போட்டது. திட்டியிருந்தால் போயிருப்பாள். திங்கட்கிழமை கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பெட்டரி பார்த்தாள். அதுவும் 2006 வரைதான். லயத்துக்கு மின்சாரம் வந்ததும் தகடுகள் இறங்கிவிட்டன. அவளை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

ஒரு சாயந்திரம் சன்னாசி கேட்டான்: "அந்த றஹீம் நானா இன்னும் கடை வச்சிருக்காரா?"

"இருக்காராம். பண்டாரவளைப் பக்கம் ஓட்டலுக்கெல்லாம் இன்வர்ட்டர் பூட்டுறாராம்."

"இப்பவும் ஒன்னச் சேத்துக்குவாரா?"

அவள் எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தாள். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, புண்ணாகிப் போயிருந்த முதுகுக்கு எண்ணெய் தடவத் தொடங்கினாள்.