சாவியை உருவியவள்

சட்டையில் பொத்தான் நுழையும் துளைக்குக் காஜா என்று பெயர். அந்தக் காஜா மெஷினில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருந்ததால், கம்பெனியில் அவளுடைய சொந்தப் பெயர் எல்லாருக்கும் மறந்துபோய்க் காஜாக்கா ஆகிவிட்டாள். நாற்பத்தாறு வயது. வீட்டுக்காரர் பிளம்பர், ஒரே மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அதிர்ந்து பேசத் தெரியாதவள் என்று அக்கம்பக்கத்தில் பேர் வாங்கியவள்.

வீட்டுக்கும் கம்பெனிக்கும் இடையே ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். ஐந்தரை மணிக்கே வேன் வந்துவிடும். பத்தொன்பது பெண்களையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறியதும் வண்டி பறக்க ஆரம்பிக்கும். ஏழு மணிச் சங்குக்குள் உள்ளே போகாவிட்டால் வாசலில் கேட்டை அடைத்துவிடுவார்கள். அந்தச் சாலையில் நிதானமாகப் போகிறவர் யாரும் கிடையாது. பஸ்கள் ஒன்றையொன்று துரத்தும், கண்டெய்னர் லாரிகள் வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாது, சுற்றிப் போகச் சோம்பல்பட்டவர்கள் பைக்கில் எதிரே வருவார்கள். இஸ்திரி செக்‌ஷனில் வேலை பார்க்கும் ஒருத்தி தினமும் வேனில் ஏறும்போதே, “இன்சூரன்ஸ் கட்டினவங்க மட்டும் முன்னால உக்காருங்கடி” என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்கள். பார்க்காமல் இருந்தால் பயம் குறைவு.

காஜாக்காவுக்கு மட்டும் கண்ணை மூட வராது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டு வருவாள்.

அன்றைக்குத் தூறல். டிரைவர் இருபத்தேழு வயதுப் பையன், வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு சிமெண்ட் டேங்கரின் முதுகை ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தவன், வலப்பக்கம் வழி கிடைக்காமல் சட்டென்று இடப்பக்கம் ஒடித்தான். அங்கே பழுதான லாரி ஒன்று விளக்கே இல்லாமல் நின்றிருந்தது. பின்னால் இரண்டு மரக்கிளைகளை வெட்டிப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். வேன் கிளைகளின் மேல் ஏறி, லாரியின் மூலையை ஒரு முழ இடைவெளியில் உரசாமல் தப்பி, ஆடிக்கொண்டே மறுபடி சாலைக்கு வந்தது. சாப்பாட்டு டப்பாக்கள் உருண்டன. யாரோ ஒருத்தி அழத் தொடங்கினாள்.

காஜாக்காவை உறுத்தியது வேறு. யாராவது குறுக்கே வந்தால் வாய்க்கு வந்தபடி திட்டும் பையன் அவன். இப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். இமைகள் மூடியிருந்தன. மூன்று எண்ணும் நேரம் இருக்கும். பிறகு திடுக்கிட்டுத் திறந்தான், வேகத்தை இன்னும் கூட்டினான்.

கத்தினால் பதறிப்போய் எங்காவது மோதிவிடுவான். மெதுவாகப் போ என்று இதற்கு முன் சொன்னவர்களுக்கு அவன் பதிலே சொன்னதில்லை. கம்பிகளைப் பற்றிப் பற்றி முன்னால் நடந்தாள். வண்டி ஆடிய ஆட்டத்தில் இரண்டு தடவை அடுத்தவர் மடியில் விழுந்து எழுந்தாள். அவன் தோள் பக்கம் குனிந்து, தினமும் பேசுகிற குரலிலேயே சொன்னாள்.

“தம்பி, வாந்தி வருதுப்பா. சித்த ஓரமா நிறுத்து.”

வண்டியைக் கழுவுகிறவன் அவன்தான். உடனே பெட்ரோல் பங்கை அடுத்திருந்த காலி இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தான். காஜாக்கா கையை நீட்டிச் சாவியை உருவினாள்.

“வாந்தி வரல. நீ தூங்கிட்டே ஓட்டுற.”

அவன் நிமிர்ந்து கையை நீட்டினான். “சாவியக் குடுங்கக்கா. நேரமாகுது.”

“குடுக்க மாட்டேன். நேத்து எப்பப் படுத்த?”

அவன் அவளைப் பார்க்காமல் முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான். “படுக்கவே இல்ல. காண்ட்ராக்டர் ஏர்போர்ட் டிரிப் அனுப்பிட்டாரு. நாலு மணிக்குத்தான் திரும்புனேன். முக்காவாசி ராத்திரி இப்படித்தான். மெதுவாப் போனா கண்ணு சொக்குதுக்கா. விரட்டி ஓட்டுனாத்தான் அந்தப் பயத்துல முழிப்பு இருக்கு.”

நான்கு மாதமாகத் திமிர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்த வேகம் அது.

பிறகு சண்டை கிளம்பியது. அரை நாள் சம்பளம் போகும் என்றாள் ஒருத்தி. சூப்பர்வைசர் மூஞ்சியில் யார் முழிப்பது என்றாள் இன்னொருத்தி. இத்தனை நாள் ஓட்டியவன் இன்னும் இருபது கிலோமீட்டர் ஓட்ட மாட்டானா என்று கேட்டவளும் உண்டு. காஜாக்கா சாவியை விடவில்லை. அவனைக் கடைசி சீட்டில் படுக்கச் சொன்னாள். படுத்த நிமிடமே அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டான். பெண்கள் இறங்கித் தூறலில் நின்றார்கள். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் நின்ற வேன் அதிர்ந்தது. உள்ளே இருந்தபோது தெரியாத வேகம் வெளியே நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. இஸ்திரிக்காரி காஜாக்காவின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அன்றைக்கு அவள் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

ஐம்பது நிமிடம் கழித்து அவனை எழுப்பி, முகம் கழுவச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்துப் புறப்பட்டார்கள். கேட் அடைத்திருந்தது. மேனேஜர் வந்து கேட்டபோது நடந்ததைக் காஜாக்கா ஒளிக்காமல் சொன்னாள். கம்பெனிக்கு வேன் விடும் காண்ட்ராக்டர் மதியமே வந்து, பையனை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாகப் பெருமையாக அறிவித்தார்.

“அவன ராத்திரி அனுப்புனது நீங்கதானே சார்?” என்று கேட்டாள். அவள் ஆயுளில் ஒரு பெரிய மனிதரின் முகத்துக்கு நேரே கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அவர் கேட்காதவர் போலப் போனில் பேசிக்கொண்டே நகர்ந்துவிட்டார். அவளுக்குக் கம்பெனியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வீட்டுக்காரர் அதை வாங்கி இரண்டு தரம் படித்துவிட்டு, “நல்ல வேலை செஞ்ச” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் புது டிரைவர் வந்தார். வயதானவர். காஜாக்கா ஏறாமல் கதவருகே நின்று, நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று கேட்டாள். அவர் சிரித்தார். பின்னால் நின்ற பெண்கள் சிரிக்கவில்லை, ஏறவும் இல்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒன்பது மணிக்கு என்றார். ஏறினார்கள். அதன் பிறகு தினமும் யாராவது ஒருத்தி கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் பதில் சரியில்லை என்று பத்தொன்பது பேரும் ஏறாமல் நின்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் வேன் இருபது நிமிடம் முன்னால் புறப்படும் என்றும், அந்த டிரைவருக்கு ராத்திரி டிரிப் கிடையாது என்றும் கம்பெனி எழுதி ஒட்டியது. தூக்கம் போகிறதே என்று சிலர் காஜாக்காவைத்தான் முணுமுணுத்தார்கள்.

அந்தப் பையன் எங்கே போனான் என்று தெரியவில்லை. அவள் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்துப் பார்த்தாள். வேறு ஊரில் லாரி ஓட்டுகிறான் என்றார் ஒருவர். லாரி என்றதும் பகலிலா இரவிலா என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை.

சாலை மாறவில்லை. முன்னால் போகும் டேங்கர் சட்டென்று வேகம் குறைக்கும்போதெல்லாம் இரண்டாவது வரிசையில் அவளுடைய வலது கால் இல்லாத பிரேக்கை இன்னமும் அழுத்துகிறது.