கஞ்சித் தோட்டா

எங்கள் வீட்டில் வெடிச்சத்தத்துக்குத் தூரம் சொல்லத் தெரிந்தவர் அம்மா ஒருவர்தான். யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் சத்தம் கேட்டவுடன் அகப்பையைப் பிடித்த கை பிடித்தபடி நிற்க, தலையைக் கொஞ்சம் சரிப்பார். "உது கோட்டைப் பக்கம். நீங்கள் சாப்பிடுங்கோ" என்பார். அல்லது ஒன்றும் பேசாமல் தங்கச்சியைத் தூக்குவார். தூக்கினால் வளவில் வெட்டியிருந்த பதுங்குகுழிக்குள், பங்கருக்குள், ஓடவேண்டும் என்று அர்த்தம். அவர் கணக்கு ஒருமுறையும் பிழைத்ததில்லை. எங்களை உயிரோடு கனடாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது அப்பா காசு கட்டிய ஏஜென்சிக்காரன் அல்ல, அம்மாவின் காதுதான் என்று மாமா பகிடியாகச் சொல்வார்.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடு மில்லிக்கன் என்ற இடத்தில், ஒரு வீட்டின் நிலத்துக்குக் கீழான பேஸ்மென்றில் இருந்தார். அப்பா சனி ஞாயிறும் பிறம்ரனில் ஒரு வேர்ஹவுசில் வேலைக்கு நிற்பதால் எங்களை வெளியே கூட்டிப்போவது மாமாதான். அவர் ரயர் கடையில் கார்ச் சில்லுக் கழற்றிப் பூட்டினார். சில்லு ஆடாமல் ஓடுவதற்கு விளிம்பில் சின்ன ஈயக் கட்டிகள் அடிப்பார்கள். பழசானதைக் கழற்றி வாளியில் எறிவார்கள். அந்த வாளியை மாமா ஸ்டீல்ஸ் வீதிக்கு அங்கால் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். கிழவர் பதிலுக்கு, அறுவடையில் மிஞ்சிய தக்காளியையும் மிளகாயையும் எங்களை ஆய்ந்துகொண்டு போகவிடுவார்.

"ஈயம் என்னத்துக்கடா அவருக்கு?" என்று அம்மா கேட்டார்.

"தூண்டிலுக்கு அக்கா. மனுசன் மீன்பிடிப் பைத்தியம்."

அது பொய். கிழவர் மான் வேட்டைக்காரர். ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றித் தன் துவக்குக்குத் தானே குண்டு வார்ப்பவர். துவக்கு என்ற சொல் காதில் விழுந்தால் அம்மா காரைவிட்டு இறங்கமாட்டார் என்று மாமாவுக்குத் தெரியும். அவருக்கோ வீட்டுக்குக் காய்கறி வேண்டும். கிழவரோடு சேர்ந்து இரண்டு வெடி வைக்கவும் ஆசை.

அந்த வயதில் கிழவருக்குத் தோள்மூட்டு சரியில்லை. மான் சுடும் துவக்கின் உதையை அது தாங்காது. பக்கத்தில் புது வீடுகளும் எழும்பிக்கொண்டிருந்தன. சத்தம் என்று பொலிசுக்கு அறிவிப்பார்கள். ஆகவே வெடிமருந்தைக் குறைத்து, மெத்தென்ற ஈயக் குண்டு வைத்து, அடங்கிய சத்தத்தோடு சுடும் தோட்டாக்களைச் செய்துகொண்டிருந்தார். இந்த விபரமெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகத் திரிந்த நாட்களில், வடக்கே மரம் வெட்டுகிறவர்களின் முகாம் ஒன்றில் சமையலுக்கு நின்றேன். அங்கே வந்த வேட்டைக்காரர்கள் சொன்னார்கள். முழு மருந்தில் போகும் குண்டு சத்தத்தை முந்தி, காற்றைக் கிழித்துப் பெரிதாக முழங்கும். மருந்து குறைத்த குண்டு சத்தத்துக்குப் பின்னால், பிந்தித்தான் வந்துசேரும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா தக்காளிப் பாத்திக்குள் குனிந்து நின்றார். மாமாவும் கிழவரும் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போய்விட்டார்கள். கொட்டிலிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு மண்மேடு. மண்மேட்டுக்கு அங்கால் காய்ந்த சோளம்.

"டொக்" என்று கேட்டது.

அம்மா நிமிர்ந்தார். தலை சரிந்தது. நான் அவர் வாயையே பார்த்தேன்.

"அம்மா, வெடியே?"

"ஓம். ஆனா கனதூரம். அங்கால காட்டுப் பக்கம் ஆரோ சுடுறாங்கள். நீ தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய் விளையாடு பிள்ளை."

அம்மா சொன்னால் சரி. நாங்கள் சோளத்துக்குள் போனோம். தங்கச்சி காய்ந்த சோளப்பொத்தி ஒன்றை முறித்து, அதன் நாரைத் தலைமயிராகப் பின்னத் தொடங்கினாள். மறுபடியும் "டொக்". அதன் பிறகு அவள் தலைக்குச் சற்று மேலே ஒரு சோளத்தட்டை முறிந்து சாய்ந்தது. அவள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. ஊரில் சூடு பட்டு அப்படி முறிந்த மரவள்ளித் தண்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

அவளைக் கீழே தள்ளி மேலே படுத்தேன். வாயை உள்ளங்கையால் பொத்தினேன். கத்த வேண்டும் என்று தோன்றவேயில்லை. கத்தியிருந்தால் மாமாவுக்குக் கேட்டிருக்கும், எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் யாரோ கத்தியதற்காகச் சுடுவதை நிறுத்திய ஆளை நான் அதுவரை கண்டதில்லை. கத்தினால் இருக்கிற இடம் தெரிந்துவிடும் என்றுதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

டொக். பிறகு இலைகளுக்குள் ஒரு சரசரப்பு. டொக். பிறகு எங்களுக்குப் பக்கத்தில் மண் துள்ளி என் கழுத்தில் விழுந்தது. பாத்தியில் அம்மாவின் குரல் கேட்டது. அழுகிய தக்காளி ஒன்றை ஏசிக்கொண்டிருந்தார். அவ்வளவு நிம்மதியான குரல். அம்மா தூரம் என்றால் தூரம்தானே, அப்படியென்றால் இது என்ன? தங்கச்சி மூச்சு முட்டி என் கையைக் கடித்தாள். நான் எடுக்கவில்லை.

அடுத்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஒரு செருமல் அளவுதான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அந்தத் தோட்டாவில் மருந்து அளவுக்கு மீறிக் குறைந்துபோய்க் குண்டு குழலுக்குள்ளேயே இறுகிவிட்டது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். கிழவருக்கு அது பிடிபட்டதால் நிறுத்தினார். நிறுத்தியதால், முன்னே சுட்டதெல்லாம் எங்கே பட்டிருக்கிறது என்று பார்க்க நடந்து வந்தார். இலக்கு வைத்த மண்மேட்டில் அதிகம் படவில்லை. மேலால் போயிருந்தது.

"கஞ்சி தண்ணியாப் போச்சுது போல" என்று மாமா தனக்குத்தானே தமிழில் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். தட்டைகளை விலக்கியவர் எங்களைக் கண்டார். கிழவரும் கண்டார். முறிந்த தட்டையையும் எங்களையும் பார்த்துவிட்டு அப்படியே மண்ணில் குந்திவிட்டார். அவர் கை நீட்டியதைக் கண்டுதான் தங்கச்சி வீரிட்டாள்.

அம்மா ஓடிவந்தார்.

"அக்கா, ஒண்டுமில்லை. பிள்ளையளுக்கு ஒண்டுமில்லை" என்றார் மாமா. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா தங்கச்சியின் உடம்பெல்லாம் தடவிப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு மாமாவைக் கேட்டார்.

"எங்கயிருந்து சுட்டனீங்கள்?"

மாமா கொட்டிலைக் காட்டினார். சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

"பொய் சொல்லாதை. அது தூரத்தில கேட்டது."

"மருந்து குறைச்சது அக்கா. அதுதான் சத்தம் சின்னன். கஞ்சித் தோட்டா எண்டு நான் பகிடிக்குச் சொல்லுறனான்."

மாமாவுக்கு அறை விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அம்மா கொட்டிலையும் சோளத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நான்தானே விளையாடப் போகச் சொன்னனான்" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் அந்தத் தோட்டத்துக்குப் போகவில்லை. பனிக்காலம் வந்தது. பேஸ்மென்றுக்கு மேலே வீட்டுக்காரர் நடப்பார்கள், ஹீற்றர் குழாய் தட்டும், வீதியில் பனி வழிக்கும் லொறி போகும். ஒவ்வொன்றுக்கும் அம்மா, முன்புபோல் தலையைச் சரித்துத் தானே சொல்லாமல், செய்கிற வேலையை விட்டு எழும்பி வருவார்.

"பிள்ளை, என்ன சத்தம் உது?"

"ஹீற்றர் அம்மா."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம் அம்மா" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு நான் ரிவி பார்ப்பேன். அம்மாவுக்கு இந்த நாட்டு மெசின்கள் இன்னும் பழகவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.