ஊறப்போட்ட மத்தாப்பு

ரயில்காரர்களும் படகுக்காரர்களும் ஜெயச்சந்திரனைத் தேடி வந்ததெல்லாம் பிற்பாடு. 1964 சித்திரையில், தாயில்பட்டிச் சாலையோரத்தில் இருந்த தன் பட்டாசுப் பட்டறையில், அவன் ஒரு வாளியை எட்டிப் பார்த்துத் திகைத்து நின்றான். வாளியில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

"யக்கா, இதுல கெடந்த மத்தாப்பெல்லாம் எங்க?"

"எந்தப் பாவியோ தண்ணிக்குள்ள போட்டுட்டான் தம்பி. எடுத்து வெயில்ல காயப்போட்ருக்கேன்," என்றாள் இருளம்மாள். பதினைந்து வருடம் பட்டாசு சுற்றிய கை. நனைந்த மருந்தைக் கண்டால் சும்மா இருக்காது.

"அந்தப் பாவி நாந்தான்க்கா!"

அவன் எட்டு வருடம் பட்டாளத்தில் இருந்தவன். சீனச் சண்டையில், பனிமலைச் சரிவில், அவன் கையிலிருந்த சிக்னல் மத்தாப்பு ஈரத்தில் பிடிக்கவே இல்லை. தங்களைத் தேடி வந்த கூட்டம் கீழே நடந்து மறைந்ததை அவனோடு சேர்த்து நான்கு பேர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இவன் ஒருவன்தான் ஊர் திரும்பினான். அன்றிலிருந்து இந்த மெழுகு பூசிய மத்தாப்புக் குழாய்தான் அவன் உலகம்: நனைந்தாலும் நாற்பது விநாடி எரியவேண்டும். அதைச் சோதிக்க இன்று பட்டாளத்திலிருந்து ஒரு மேஜர் வருகிறார். எரிந்தால் பணம் போடுவதாகச் சொன்ன விருதுநகர்ப் பருப்பு வியாபாரி சீனிவாசகமும் வருகிறார். எரியாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு.

ஜீப்பும் காரும் ஒன்றாக வந்து நின்றன.

"ஏம்ப்பா, மூணு நாளா தண்ணிக்குள்ள கெடக்குன்னயே," சீனிவாசகம் சிரித்தார். "இங்கன அப்பளம் மாதிரியில்ல காயுது!"

ஜெயச்சந்திரனுக்குக் காது சுட்டது. ஒன்றை எடுத்து மேஜரிடம் நீட்டினான். "நீங்களே முக்குங்க சார். நான் பக்கத்துலயே வரலை."

மேஜர் அதை வாளியில் அமுக்கிவிட்டுக் கடிகாரத்தைக் கழற்றிச் சுவர்மேல் வைத்தார். "ஒரு மணி நேரம்."

வேப்பமரத்தடியில் சீனிவாசகம் விசிறிக்கொண்டார். "தீவாளி வருசா வருசம் வரும் தம்பி. சண்டை வருமா?"

"மழை வரும்ல மொதலாளி? நடுக்கடல்ல படகு நிக்கும். தண்டவாளம் அத்துப்போனா ரயில நிறுத்தணும். எல்லாருக்கும் இது வேணும்."

விசிறி நின்றது.

மணி ஆனது. ஜெயச்சந்திரன் அதைச் சொட்டச் சொட்ட எடுத்து, முனையை உரசினான். புகைந்தது, அடங்கியது. மறுபடி உரசினான்.

சீறிக்கொண்டு பிறந்தது சிவப்பு. உச்சி வெயிலே வெளிறிப்போனது. கைப்பிடி அதிர்ந்தது. கரிசல் மண், மேஜரின் பித்தளைப் பொத்தான்கள், இருளம்மாளின் பல்வரிசை, எல்லாம் சிவந்தன. யாரோ உரக்க எண்ணிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது... சீனிவாசகம்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைவிரல் ஆட்டி எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பத்தாறில் அணைந்தது.

"ஐந்நூறு அனுப்புங்கள். மலைக்கு எடுத்துப்போய்ப் பார்க்கிறோம்," என்றார் மேஜர்.

சீனிவாசகம் அதற்குள் ஜெயச்சந்திரனின் தோளைப் பிடித்து உலுக்கினார். "சாத்தூர்ப் பக்கம் எனக்கு நெலம் கெடக்கு, பெரிய பட்டறையா அங்கன போடுவோம். கெணத்துல தண்ணியும் கெடக்கு, எம்புட்டு வேணும்னாலும் முக்கலாம். கார்ல ஏறுலே, இப்பவே பாத்துட்டு வந்துருவோம்!"

கைகழுவக்கூட நேரமில்லாமல், மெழுகு விரல்களோடு ஜெயச்சந்திரன் ஓடிப்போய் ஏறினான்.