வன்னிக்கு ஊற்றிய தண்ணீர்

கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். என் அக்காதான். கிள்ளானில் அவள் வீட்டுக் கேட்டுக்கு உள்பக்கம், ஒரு சனிக்கிழமை காலை. இடது கையில் குடை, வலது கையில் செம்பு. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது, அவளும் ஊற்றினாள். வன்னி மரத்தின் அடியில் ஏற்கெனவே குளம் கட்டி நின்ற மழைத் தண்ணீர், செம்பிலிருந்து பால் கலந்த தண்ணீர் விழுந்து வெள்ளையாகக் கலங்கியது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கோமுட்டர் ரயில் பிடித்து வந்த நான் நனைந்த கோழி மாதிரி கேட்டுக்கு வெளியே நின்றேன். மரத்தைச் சுற்றி முடிக்கும்வரை அவள் வந்து திறக்கவில்லை.

அக்காவின் கணவர், என் அத்தான், ஹாலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போனதும், "உங்கக்கா அந்த மரத்துக்குச் சளி பிடிக்க வச்சிடுவா லா. அது வெயில் ஊரு மரம். அதைப் போயி தெனம் குளிப்பாட்டுறா" என்றார். அக்காவுக்கும் அது காதில் விழுந்தது. விழவேண்டும் என்றுதான் அவர் சொன்னதும்.

அத்தான் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். சர்க்கரை வியாதி முற்றி இரண்டு சிறுநீரகமும் போன பிறகு வேலையை விட்டுவிட்டார். வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ், மீதி நாள் அந்தக் களைப்பு. அவருக்கென்று மிச்சமிருந்தது வீட்டின் பக்கவாட்டில் நின்ற பம்ளிமாஸ் மரம் ஒன்றுதான். ஈப்போ பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது பதியன் போட்ட கன்றாக மடியில் வைத்துக்கொண்டு வந்தது. அந்த மரத்துக்கு எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஆட்டுப் புழுக்கை, மீன் கழுவின தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், எதுவானாலும் சரி. கொடுக்காவிட்டால் உடனே முகத்தைத் தூக்கிக்கொள்ளும். இரண்டு வாரம் மழையில்லையென்றால் இலை சுருண்டுவிடும். இலைக்குள் பூச்சி கோடு போடும், பிஞ்சில் ஈ குத்தும். அத்தான் பிஞ்சு பிஞ்சாகப் பார்த்துப் பிளாஸ்டிக் பை கட்டிவிடுவார். பழம் கனத்துக் கிளை தாழ்ந்தால் முட்டுக் கொடுப்பார். பிள்ளை வளர்க்கிற வேலைதான். பிள்ளை இல்லாத வீடு அது என்பதால் நான் இதை ஒருநாளும் அவர்கள் முன்னால் சொன்னதில்லை.

பழுத்த பம்ளிமாஸை உரித்தால் ஹாலெல்லாம் மணக்கும். சிறுநீரகம் போனவர்களுக்கு அந்தப் பழம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அவர் பறித்துப் பறித்து ஊருக்குக் கொடுத்தார். சீனப் பெருநாள் வந்தால் பக்கத்து வீட்டுச் சீன ஆன்டிக்கு இலையோடு சேர்த்துப் பெரிய பழமாக இரண்டு போகும். எனக்கு ஒரு பை நிறைய. தோலை மட்டும் ஒரு துண்டு கையில் வைத்து முகர்ந்துகொண்டிருப்பார். "மோந்து பார்க்கிறதுக்கு டாக்டர் ஒன்னும் சொல்லல" என்பார்.

வன்னி வந்தது பிறகுதான். அத்தானுக்குச் சனி சரியில்லை, வன்னியை வைத்துச் சுற்றிவாருங்கள் என்று கோயில் ஐயர் சொல்லி, தானே விதை போட்டு முளைக்க வைத்திருந்த கன்று ஒன்றையும் கொடுத்திருந்தார். மெல்லிய இலை, கூர்மையான முள், பார்க்கச் சீமைக் கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். உறவும் அப்படித்தான் என்று பிறகு படித்தேன். தமிழ்நாட்டில் வறண்ட ஜில்லாக்களில் ஆடு அதன் காயைத் தின்னும், மனிதர்கள் கிளையை வெட்டி அடுப்பெரிப்பார்கள், மழையே இல்லாத வருஷத்திலும் வேரை ஆழத்தில் விட்டு அது பாட்டுக்கு நிற்கும். கிள்ளானில் அதற்கு ஆடும் இல்லை, அடுப்பும் இல்லை. சனிக்கிழமை அர்ச்சனைக்கு இலை, விஜயதசமிக்கு அம்பு போடக் கோயிலுக்கு ஒரு கிளை, அவ்வளவுதான் அதன் உபயோகம். களிமண்ணிலும் அது முதலில் நன்றாகத்தான் வளர்ந்தது. என் உயரத்தைத் தாண்டியது. மரம் செழித்தால் அத்தான் செழிப்பார் என்று அக்கா எங்கேயோ மனதில் முடிச்சுப் போட்டுவிட்டாள். ஐயர் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு இலை பழுக்கத் தொடங்கியது. அத்தானும் அந்த மாதங்களில்தான் இளைத்துக்கொண்டே வந்தார். காலையில் எழுந்ததும் அக்கா முதலில் கேட்டருகே போய் மரத்தைப் பார்ப்பாள், பிறகுதான் உள்ளே வந்து அவரைப் பார்ப்பாள். எனக்குப் போன் செய்தால், "இன்னிக்கும் கொட்டியிருக்குடி" என்பாள். அத்தான் எப்படியிருக்கிறார் என்று நான்தான் கேட்க வேண்டும். கொட்டக் கொட்ட, செம்பு போய் வாளி வந்தது.

தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துப் பாரேன் என்று ஒரே ஒரு தடவை நான் சொன்னேன். அப்போது அவள் சமையலறையில் அத்தானுக்குத் தண்ணீர் அளந்துகொண்டிருந்தாள். டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீரும் அளவுதான். தாகம் என்று அவர் கேட்கும்போதெல்லாம் ஒரு சின்ன டம்ளரில் பாதி கொடுத்துவிட்டு, மீதிக்கு ஐஸ் துண்டு ஒன்றை வாயில் வைத்துவிடுவாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "உள்ளதான் அவருக்கு அளந்து அளந்து ஊத்துறேன். சாமிக்கும் அளக்கணுமா?"

நான் ஐஸ் தட்டை எடுத்து ஃப்ரிஜ்ஜில் வைத்தேன்.

அத்தான் ஒரு மத்தியானம் அந்த நாற்காலியிலேயே போய்விட்டார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். நாங்கள் தகனம் முடிந்து திரும்பியபோது சீன ஆன்டி அத்தானின் மரத்து இலைகளையே ஒரு வாளித் தண்ணீரில் பிசைந்து போட்டு, கேட்டருகே வைத்துக்கொண்டு நின்றாள். "சூசி மூக்கா டூலு, அமோய்" என்றாள், முதலில் முகத்தைக் கழுவு பெண்ணே என்று. சாவு வீட்டுக்குப் போய் வந்தால் அந்தத் தண்ணீரில் முகம் கழுவ வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நான் கழுவினேன். பம்ளிமாஸ் வாசனை கையிலேயே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அன்று மட்டுமில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது. இன்றைக்கும் அது முழுதாக விடவில்லை.

அக்கா வெளியே வருவதை நிறுத்திவிட்டாள். கேட்டை ஒட்டி என்ன இருக்கிறது என்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. வன்னி மொட்டைக் குச்சியாக நின்றது. அப்போது பார்த்து மழையும் நின்றுபோய், புகைமூட்டமும் வெயிலுமாகப் பல வாரங்கள் கழிந்தன. பம்ளிமாஸ் இலை சுருண்டு, கட்டின பையோடு பிஞ்சுகள் உதிர்ந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் ஊற்றியது அதற்கு எங்கே போதும்!

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தேன். செத்துவிட்டது என்று நினைத்த வன்னியின் அடியிலிருந்து பச்சைப் பசேலென்று துளிர். ஒன்றிரண்டு இல்லை, தண்டு முழுக்க. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. அக்கா கண்ணில் படுவதற்குள் ஒடித்துப் போட்டுவிடலாமா என்று குனிந்தேன். நிமிர்ந்தபோது அக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

மெதுவாக இறங்கி வந்து பார்த்தாள். தொடவில்லை.

"அவர் இருக்கிறப்ப ஏன்டி வரல இது?"

எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொல்ல முடியாது. வெயில் என்றேன், மண் என்றேன், என்னமோ உளறினேன். அவள் கேட்கவில்லை.

"நான்தானே ஊத்துனேன்" என்றாள்.

"மரத்துக்கும் அத்தானுக்கும் என்னக்கா சம்பந்தம்? அவருக்குக் கிட்னி. டாக்டரே சொன்னாரு இல்ல?"

"தெரியும்" என்றாள். தெரியும் என்பதை ஒரு சின்னப் பிள்ளை பாடத்தை ஒப்பிப்பது மாதிரிச் சொன்னாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு மரமும் இன்னும் இருக்கின்றன. பம்ளிமாஸுக்கு நான் ஊற்றுகிறேன், சீன ஆன்டியும் வேலிக்கு மேலாகக் குழாயை நீட்டிவிடுகிறாள். போன பருவத்தில் சின்னதாக நாலைந்து காய்த்தது. வன்னி யாரும் கவனிக்காமல் கேட்டுக்கு மேலே வளர்ந்து நிற்கிறது. கோயில்காரர்கள் வந்து கிளை கேட்டால், வெட்டிக்கொள்ளுங்கள் என்று அக்கா உள்ளேயிருந்தே சொல்லிவிடுகிறாள். மரத்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் வேண்டாம் வேண்டாம் என்றாலும் தட்டு நிறையக் கொட்டுகிறவள் என் அக்கா. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றும்போது கிளாஸ் பாதி நிறைந்ததும் கை நின்றுவிடுகிறது. "போதுமா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள். போதும்க்கா என்று நான் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.