காதைப் பொத்திய குற்றம்

போன வாரம் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம். பிள்ளைகளுக்குக் காதைப் பற்றிச் சொல்ல ஒரு டாக்டர் பெண் வந்திருந்தாள். செல்போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள், ஹேர்பின்னைக் காதுக்குள் விடாதீர்கள் என்றாள். பொன்னாடை போர்த்தினார்கள். ரிட்டயர்டு டீச்சர் என்று முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்ட நானும் கைதட்டினேன். இதே பாடத்துக்கு எனக்குக் கிடைத்த மரியாதை வேறு.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில்தான் முதல் வேலை. ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் இன்னமும் வாய் கசக்கிறது. அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்குவேன் என்று மிராசுதார் ஒற்றைக்காலில் நின்றார். இறக்கிப் பாருங்கள் என்று விவசாயக் கூலிச் சங்கத்துக்காரர்கள் வரப்பில் நின்றார்கள். கிழக்கே மிராசுதார் தெரு, மேற்கே கூலிக்காரர் தெரு, நடுவில் பள்ளிக்கூடம். மனிதர் ஆளுங்கட்சியில் சேர்ந்து கரைவேட்டிக்கு மாறியிருந்தார். எங்கள் பள்ளித் தென்னைமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி மேற்கே திருப்பி வைத்தார். சங்கக் கூட்டத்தில் பேசுவது ஒருத்தர் காதிலும் விழக்கூடாது, அவ்வளவுதான் உத்தேசம். அதற்கு நேர் கீழே என் மூன்றாம் வகுப்பு.

அந்த வகுப்பில் செல்வி என்று ஒரு மேற்குத் தெருப் பெண். கைக்குழந்தையிலேயே சீழ் வடிந்து இடது காது போய்விட்டது. வலது காதிலும் மழைக்காலத்தில் சீழ் வரும், வீட்டில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவார்கள். ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று நேரில் போய்ச் சொன்னேன். “இருக்கற ஒரு காதையாவது காப்பாத்திக் குடுங்க டீச்சர்” என்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். காப்பாற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இருபத்திரண்டு வயதுத் திமிர்.

மறுநாளே கரும்பலகையில் காது வரைந்தேன். முந்திரிப்பருப்பு என்றார்கள் பிள்ளைகள். “கையெட்டுற தூரத்துல பேசறது கேக்கலேன்னா அந்தச் சத்தம் காதுக்கு ஆகாது. தள்ளிப் போயிடணும். முடியலேன்னா ரெண்டு காதையும் பொத்திக்கணும்.” நான் நடத்திய பாடங்களில் அவர்கள் உருப்படியாகக் கடைப்பிடித்தது இந்த ஒன்றைத்தான்.

ஒருநாள் மிராசுதார் பள்ளி மைதானத்திலேயே மேடை போட்டுப் பேசினார். குழாய் அலறியது. பள்ளி விட்டு மேற்குத் தெருவுக்குப் போக மேடையைத் தாண்டித்தான் வழி. என் வகுப்பு மேற்குத் தெருப் பிள்ளைகள் நாற்பது பேரும் காதைப் பொத்திக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே வரிசையாக நடந்தார்கள். கேட்கத் தகாததைக் கேட்டால்தானே நம் ஊரில் காதைப் பொத்துவார்கள்! கூட்டம் கொல்லென்று சிரித்துவிட்டது. டிரெயினிங் படித்த என் மூளைக்கு இது முன்னாலேயே உறைக்கவில்லை.

“சங்கத்துல எத்தனை நாளா இருக்கீங்க?” மறுநாள் காலை தலைமையாசிரியர் கேட்டார்.

“காதுப் பாடம்தான் சார் நடத்தினேன்.”

“காதாவது மூக்காவது! இன்னிக்கும் கூட்டம் இருக்கு. மூணாங்கிளாஸ் பூரா குழாய்க்குக் கீழ கைகட்டி நின்னு கேக்கணும். இல்லேன்னா ராமநாதபுரம் ஜில்லாவுக்கு மூட்டை கட்டுங்க.”

எனக்குக் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அன்றைக்குக் கூட்டத்துக்குப் பிள்ளைகளை நானே வரிசையில் நிறுத்தினேன்.

குட்டையானவர்கள் முன்னால் நிற்பது பள்ளி வழக்கம். செல்விதான் முதல் ஆள், தலைக்கு மேலே குழாய். அவளைப் பின்னால் அனுப்பியிருக்கலாம். தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டிருந்தார், அனுப்பவில்லை. சத்தம் வந்ததும் அவள் கை தானாகக் காதுக்குப் போனது. நான்தான் அதைப் பிடித்து இறக்கினேன். “கையக் கட்டு.” மிராசுதார் இரண்டு மணிநேரம் பேசினார்.

இப்போது அவர் வீடு கல்யாண மண்டபம். நிலம் கைமாறிவிட்டது. தென்னைமரம், குழாய், சங்கக் கொட்டகை எதுவும் இல்லை. தலைமையாசிரியரும் போய்ச் சேர்ந்தார். செல்விக்கு வந்தது சீழினால், சத்தத்தினால் இல்லை என்று கடைசிவரை சாதித்தார். எவருக்காகவும் எனக்கு ஒரு சொட்டு வருத்தமில்லை.

பிள்ளைகள் கைகட்டி நின்ற அந்தக் கூட்டம் முடிந்து பத்து நாள் இருக்கும். வருகைப் பதிவேட்டைப் பார்த்துச் செல்வி பெயரை மூன்று முறை கூப்பிட்டேன். பக்கத்துப் பிள்ளை இடித்த பிறகுதான் எழுந்தாள். என் வாயையே பார்த்தாள். என்ன சொல்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. பயந்துபோய், இரண்டு கையையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள்.