அக்காவின் இருபத்துநாலு வோல்ட்

சம்பூரில் அக்கா வீட்டுக்கு வரும் மின்சாரத்தை நான் ஒருநாளும் நம்பியதில்லை. காலையில் மின்விசிறி நோயாளி போலச் சுற்றும். மாலையில் பல்ப் மஞ்சளாகிவிடும். இந்த மின்சாரத்தில்தான் அவளுடைய மூச்சும் ஓட வேண்டும். நுரையீரல் பழுதான பிறகு, காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் ஒரு சின்ன மெஷினோடுதான் அவளுக்குச் சீவியம். அதற்கு இருபத்துநாலு வோல்ட் கொடுக்கும் அடாப்டர், குறைந்த மின்சாரத்தில் இழுத்து இழுத்து, இரண்டு தரம் கருகிப்போனது.

லிங்கநகரில் வீட்டு முன்னறையில் டிவி, இன்வேர்ட்டர் திருத்துகிறவன் நான். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

"கடைச் சாமானை விடுங்கோ. நானே செய்து தாறன்" என்று அத்தானிடம் வீறாப்பாகச் சொன்னேன்.

வேலை ஒன்றும் பெரிய மர்மமில்லை. உள்ளே வரும் மின்சாரத்தை ஒரு டிரான்சிஸ்டர் வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டும். வரத்து குறைந்தால் துண்டு பெரிது, கூடினால் சிறிது. வெளியே போவது மட்டும் அசையக்கூடாது. எவ்வளவு குறையும், எவ்வளவு கூடும் என்று தெரிந்தால் போதும். மோட்டார் சைக்கிளில் கிண்ணியாப் பாலம் தாண்டிப் போய், மீற்றரோடு திங்கள் முதல் வியாழன் வரை அக்கா வீட்டில் குந்தியிருந்தேன். இருநூற்று முப்பது வோல்ட் வரவேண்டிய இடத்தில் ஆகக் குறைந்தது நூற்றுப்பத்து, ஆகக் கூடியது இருநூற்று நாற்பது. குறைவுதான் எதிரி என்று முடிவு கட்டினேன். தொண்ணூறிலும் ஓடும்படி பார்த்துப் பார்த்துச் செய்தேன். மீற்றர் காட்டுவதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உள்ளே கப்பாசிட்டரில் ஏறும். மேலே இருநூற்று அறுபது போதும் என்று, கையிலிருந்த நானூறு வோல்ட் கப்பாசிட்டரைப் போட்டேன். வெள்ளிக்கிழமை அளக்கப் போகவில்லை. வெள்ளி எனக்குக் கோயில் நாள்.

சனிக்கிழமை பூட்டிக் கொடுத்தேன். "தம்பி, உன்ர பெட்டி சுடக்கூட இல்லை" என்று அக்கா ஃபோனில் சொன்னபோது எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த வெள்ளி, மதியப் பூசை முடிந்து வெளியே வந்து, நிப்பாட்டி வைத்திருந்த ஃபோனைப் போட்டேன். அத்தான் பதினொரு தரம் அழைத்திருந்தார். பெட்டி வெடித்துவிட்டது. மெஷினுக்குள் இருந்த பழைய பற்றரி மூதூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே படுத்துவிட்டதாம்.

அவளுக்கு ஏதும் நடந்தால் கொன்றது நான்தான். வழி முழுக்க வேறு நினைப்பில்லை. போய்ச் சேர்ந்தபோது அக்கா ஒட்சிசன் முகமூடியோடு படுத்திருந்தாள். உயிர் இருந்தது. விரல் நுனிகளில் இன்னும் நீலம் போகவில்லை.

"எத்தினை மணிக்கு வெடிச்சது?" என்று அத்தானிடம் கேட்டேன்.

"பன்னிரண்டரை இருக்கும். ஜும்ஆத் தொழுகைக்கு அரிசி மில், ஐஸ் ஃபக்டறி எல்லாம் ஒண்டா நிப்பாட்டுற நேரம். கரண்ட் எகிறிப்போடும். ஃபேன் பறக்கும்."

எனக்கு விளங்கிவிட்டது. ஆலைகள் இழுக்கும் இழுப்புக்கு ஈடாக டிரான்ஸ்போமரில் வோல்ட்டைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். இழுப்பு நின்றதும் கூட்டியது முழுவதும் வீடுகளுக்குள் பாய்கிறது.

"இது முதலே தெரியுமோ?"

அக்கா முகமூடியை விலக்கினாள். "ஊருக்கே தெரியும், தம்பி. அந்த நேரம் எல்லாப் பிளக்கையும் கழட்டிப்போடுவம். நீ செய்த பெட்டிதானே, தாங்கும் எண்டு இதை மட்டும் விட்டனான்."

நாலு நாள் அந்த வீட்டுக் கதிரையில் இருந்து அவளுடைய தேத்தண்ணீரைக் குடித்திருக்கிறேன். மீற்றரைக் கேட்டேனே தவிர அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

முந்நூற்று முப்பது வரை தாங்கும் இன்னொரு பெட்டி செய்தேன். மெஷினுக்குப் புதுப் பற்றரியும் போட்டேன். பூட்டிய முதல் வெள்ளி கோயிலுக்குப் போகவில்லை. மீற்றரோடு அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். பன்னிரண்டு மணி தாண்டியதும் அவள் கை பிளக்குக்குப் போனது.

"விடுங்கோ அக்கா. இது தாங்கும்."

"தாங்கும்தான்" என்று சொல்லிக்கொண்டே கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

மீற்றர் இருநூற்றுத் தொண்ணூறு காட்டியது. மெஷின் பற்றரியில் ஓடியது. மீற்றரைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை மணிக்குத் திரும்பப் பூட்டலாம் என்று அவளைக் கேட்டேன்.